மூக்கால் சொன்ன சம்மதம்

திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. "மூக்கன் என்ற ப்ரோகிராம் உங்கள் மவுஸையும் கீபோர்டையும் இயக்கக் கேட்கிறது. விடலாமா?" அவ்வளவுதான் கேள்வி. கீழே இரண்டு பொத்தான்கள்: வேண்டாம், சரி.

ஃபென்னா டிர்க்ஸ் அதை இரண்டு தரம் படித்தாள். சரி என்று அழுத்த ஒரு விரல் வேண்டும். விரல் அவளுக்கும் இருந்தது, பத்தும் இருந்தது, மடியில், உதவிக்கு வருகிற பெர்ஃபின் அடுக்கி வைத்துவிட்டுப் போனபடியே கிடந்தன. அதில் ஒன்றுகூட அசையாது. அவளுக்குப் பதிலாகத் திரையில் அழுத்துகிறவன் மூக்கன் ஒருவன்தான். அந்த மூக்கனை உள்ளே விடலாமா என்றுதான் பெட்டி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அடக் கடவுளே, மூக்கன் இல்லாம நான் எதால பதில் சொல்றது" என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவும் முடியாது. குரலும் மூக்கன் கையில்தான்.

மூக்கன் யாரென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் பட்ட பாடு புரியாது. ஜெர்மனியில் லேர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் இருபது வருஷம் கட்டி மேய்த்தவள் ஃபென்னா. மேனேஜர் முதல் கிரேன் ஓட்டுகிறவர் வரை அவள் வாய்க்குப் பயப்படுவார்கள். "கம்ப்யூட்டர் வேலை செய்யலை" என்று யாராவது போன் செய்தால் போதும், பிடித்துக்கொள்வாள். "என்ன பண்ணினீங்க? என்ன நடக்கும்னு நினைச்சீங்க? என்ன நடந்துச்சு? மூணையும் சொல்லுங்க, அப்புறம் அழலாம்" என்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் கையிலிருந்த சாவிக்கொத்து தானாகக் கீழே விழுந்தது. பிறகு கரண்டி விழுந்தது. நரம்பு ஒவ்வொன்றாக அணைகிற வியாதி. கை போனது, நடை போனது, கழுத்து பாதி போனது, கடைசியாக நாக்கு. இடது கால் மட்டும் ஏனோ தப்பித்துக் கிடந்தது.

நாக்கு போவதற்குள் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தாள். கோட்டு மாட்டும் அலமாரிக்குள், சத்தம் எதிரொலிக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தன் குரலைப் பதிவு செய்து வைத்தாள். அந்தக் குரலில்தான் கம்ப்யூட்டர் அவளுக்காகப் பேசும். எழுதுவதற்கு மூக்கன். மூக்குக்கண்ணாடியின் நடுவில் பச்சைப் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும், திரை மேலிருக்கிற கேமரா அதைப் பார்க்கும், மூக்கு போகிற பக்கம் அம்பு போகும், ஒரே இடத்தில் நின்றால் அழுத்தும். விலைக்கு விற்கிற கருவிகள் எத்தனையோ உண்டு. "எனக்கு அடுத்தவன் மூக்கு வேண்டாம்" என்று தானே உட்கார்ந்து எழுதியது அது. வாசல் கதவைத் திறப்பது, விளக்கு, போன், ரொட்டிக் கடைக்கு ஆர்டர், லினக்ஸ் சங்கத்து ஆட்களோடு சண்டை, எல்லாம் அந்த மூக்கால்தான்.

அந்தச் சண்டைதான் இந்த வினையில் கொண்டுவந்து விட்டது. லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரையே ஓட்டுகிற ப்ரோகிராம்; அதில் மற்ற ப்ரோகிராம்களுக்கும் திரைக்கும் நடுவில் ஒருவன் நிற்பான். யார் எங்கே படம் காட்ட வேண்டும், எந்தச் சாவி அழுத்தினால் யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. எக்ஸ் என்று பெயர். கிழவன், நல்லவன், யாரையும் சந்தேகப்படமாட்டான். ஒரு ப்ரோகிராம் இன்னொரு ப்ரோகிராமின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கலாம், அதன் பெயரில் சாவியை அழுத்தலாம், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டான். இப்போது அவன் இடத்துக்கு வேலண்ட் என்று புதியவன் வந்திருக்கிறான். அவனிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒருவர் பொருளை இன்னொருவர் தொட வேண்டுமானால் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். சங்கத்தில் பாதிப் பேர் "பழசே போதும், இவன் ரொம்பப் படுத்தறான்" என்று முணுமுணுத்தார்கள். ஃபென்னாதான் விடவில்லை. "என் பெயர்ல எவனோ பட்டனை அழுத்திட்டுப் போவான், நான் பாத்துட்டு இருக்கணுமா? கேட்டுட்டுத் தொடச் சொல்றது தப்பா?" என்று அவர்கள் வாயை அடைத்தாள். அவளைத் தூக்கவும் துடைக்கவும் திருப்பவும் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்காமல் செய்கிறவர்கள். அந்தக் கோபமும் அந்தப் பேச்சில் இருந்தது.

சொன்னதோடு நிற்கவில்லை. குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து மூக்கனைப் புதியவனுக்கு ஏற்ற மாதிரி திருத்தி எழுதினாள். சோதனை ஓட்டத்திலெல்லாம் பிரமாதமாக ஓடியது. அனுமதிப் பெட்டி வரும், பக்கத்தில் நிற்கிற பெர்ஃபின் "இதுதானேக்கா?" என்று ஒரு தட்டுத் தட்டுவாள், நினைவில் வை என்ற கட்டத்திலும் தட்டுவாள், அதன் பிறகு பெட்டி வராது. சோதனை முடிந்ததும் பழகின பழையவனிடமே திரும்பி வந்துவிடுவாள் ஃபென்னா. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு கை இருந்தது என்பது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை.

இன்று அந்தக் கை இல்லை. பெர்ஃபின் அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விட்டாள், மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவாள். அதற்கு முன்னால் வேறு ஒருவர் வருகிறார். 

பராமரிப்புக் காப்பீட்டிலிருந்து லூடெமான் என்று ஓர் அதிகாரி வருகிறார். ஃபென்னா தனியாக இந்த வீட்டில் இருக்கலாமா, அல்லது விடுதியில் சேர்க்க வேண்டுமா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். கிளப்பிவிட்டவள் அக்கா இன்சா. இன்சா கெட்டவள் இல்லை. பக்கத்து நகரமான ஓல்டன்பர்கில் இருந்துகொண்டு தினமும் காலையில் போன் செய்து, தங்கை உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால்தான் காபியே குடிப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃபென்னாவுக்கு ரொட்டித் துண்டு தொண்டையில் அடைத்து, கழுத்தில் தொங்குகிற சிவப்புப் பொத்தானை முகவாயால் அழுத்தி, ஆம்புலன்ஸ்காரர்கள் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். அன்று பிடித்த பயம் அவளுக்கு.

"எங்க ஊர் விடுதியில ஆத்தைப் பாத்த ரூம் இருக்குடி. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும்" என்பாள்.

"கூப்பிடாட்டியும் வரும். அதான் வேண்டாங்கறேன்" என்பாள் ஃபென்னா.

"அந்த ஓட்டைப் பெட்டியை நம்பி உசுரை வச்சிருக்கியே, அது ஒரு நாள் நின்னு போச்சுன்னா என்னடி பண்ணுவ?"

இந்தக் கேள்விதான் தைத்தது. லூடெமானும் இதைத்தான் கேட்பார். "இது ஓட்டை இல்லை, நேற்று வந்த புது வெர்ஷன்" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் லினக்ஸின் புது வெர்ஷனை ஏற்றினாள், அதில் கிழவன் எக்ஸுக்கு இடமே இல்லை. ஏறி முடிந்தது. எல்லாம் நன்றாகவே ஓடிற்று. ஓடிக்கொண்டிருந்தது நினைவில் மிச்சமிருந்த பழையவன்தான், அவனை வட்டிலிருந்து ஏற்கனவே துடைத்தாயிற்று. திரை ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குறி மட்டும் நின்றது: முடிக்க ரீஸ்டார்ட் செய்யவும்.

ஒரு சாதாரண மனுஷி அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். லூடெமான் வந்து போகட்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள். இருபது வருஷம் கம்ப்யூட்டர் மேய்த்தவளுக்கு ஆரஞ்சுக் குறி கண்ணில் விழுந்த தூசி. பெர்ஃபின் தேநீர் கொடுத்து, கோப்பைக்குள் கரண்டியைப் போட்டு வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனதுதான் தாமதம், தன் மூக்கால் தானே ரீஸ்டார்ட்டை அழுத்தினாள். திரை இருண்டது. வெளிச்சம் வந்தது. புதியவன் வந்தான். குளிர்காலத்தில் கொடுத்த சம்மதம் பழைய வெர்ஷனுக்குக் கொடுத்தது, எனக்கு அது செல்லாது என்று பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

தலையை ஆட்டிப் பார்த்தாள். அம்பு அசையவில்லை. சிரிப்பு வந்தது முதலில், நிஜமாகவே. கேட்டுட்டுத் தொடு என்று ஊரெல்லாம் கத்தினவள் அவள்தானே. சிரிப்பு தொண்டையில் சிக்கி இருமல் வந்து, மூச்சு திரும்ப வருவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

அப்போது போன் அடித்தது. திரையின் மூலையில் இன்சாவின் முகம் சின்ன வட்டமாகத் துள்ளியது. எடுக்க முடியாது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஃபென்னா அந்த வட்டத்தையே பார்த்தாள். எடுடி, எடுடி என்று அங்கே அவள் அறைக்குள் நடந்துகொண்டிருப்பாள் என்று தெரியும். மூன்றாவது தடவையும் அடித்து நின்றது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை. அது இன்னும் மோசம். காரை எடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

இன்சாவிடம் சாவி இருக்கிறது. வந்து கதவைத் திறந்து, ஒரு விரலால் தட்டினால் தீர்ந்தது. ஆனால் அவள் வருவதும் லூடெமான் வருவதும் ஒரே சமயமாகத்தான் இருக்கும். வாசலில் அந்த மனுஷர் மணி அடித்துக்கொண்டு நிற்பார், உள்ளிருந்து பதில் வராது, இன்சா ஓடி வந்து அழுதுகொண்டே பூட்டைத் திறப்பாள், உள்ளே பொம்மை மாதிரி தங்கை உட்கார்ந்திருப்பாள். இதற்கு மேல் அவர் என்னத்தைக் கேட்கப் போகிறார்? ஆற்றைப் பார்த்த அறைதான்.

சிவப்புப் பொத்தான் முகவாய்க்குக் கீழே தொங்கியது. அதை அழுத்தினால் ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸ் நிற்கிற வீட்டில் தனியாக இருக்கலாம் என்று எந்த அதிகாரி எழுதுவார்? அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். உயிரே போகிறது என்றால் அழுத்தலாம், பேச்சு போனதற்கு அழுத்தமாட்டேன் என்று முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகும் முகவாய் தானாக அந்தப் பக்கமே போனது.

மேஜையின் மேல், திரைக்கு முன்னால், பெர்ஃபின் உபயோகிக்கிற கீபோர்டு கிடந்தது. அதற்கு அனுமதி வேண்டாம். அது நிஜமான கீபோர்டு. யாருடைய விரல் என்று அது கேட்காது, விரலா என்றுகூடக் கேட்காது.

மூக்காலேயே அந்தச் சாவிகளை அழுத்தினால்? தன் சக்கர நாற்காலி வண்டியை இடது பாதத்தால் ஓட்டுவாள். பாதத்துக்கு அடியில் ஒரு குச்சி, முன்னே தள்ளினால் வண்டி போகும். பக்கவாட்டில் ஒரு மிதி, அழுத்தினால் இருக்கை முன்னே சாயும், இன்னொன்றை அழுத்தினால் பின்னே சாயும். முன்னே சாய்த்தால் கழுத்து தாங்காது. தலை பாறாங்கல் மாதிரி தொங்கும், தொங்கினால் மூச்சுக்குழாய் மடங்கும். "இந்த மிதியை நீங்க தனியா இருக்கும்போது தொடவே கூடாது, புரியுதா?" என்று டாக்டர் சத்தியம் வாங்காத குறை. முன்னே விழுந்த தலை, இருக்கையைப் பின்னே சாய்த்தால்தான் எழும். பாதம் மிதியை விட்டு நழுவினால் எழாது.

பயந்தாள். வெட்கமே இல்லாமல் பயந்தாள். கண்ணில் நீர் வந்தது, துடைக்க ஆள் இல்லாததால் அது பாட்டுக்கு வழிந்தது.

பெட்டியை ஒரு தரம் ஊன்றிப் பார்த்தாள். "வேண்டாம்" என்ற பொத்தானைச் சுற்றி நீலக் கோடு ஓடியது. இப்போது என்டரை அழுத்தினால் வேண்டாம் என்றாகிவிடும், மூக்கன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவான், பெட்டிகூட மிஞ்சாது. முதலில் டாப் சாவி, இடது ஓரத்தில். அதை அழுத்தினால் நீலக்கோடு நகரும். வேண்டாமிலிருந்து நினைவில் வை, அங்கிருந்து சரி. சரியில் நிற்கும்போது வலது பக்கம் என்டர். டாப்புக்குக் கொஞ்சம் மேலேயே எஸ்கேப் இருக்கிறது, அதில் மூக்குப் பட்டாலும் கதை முடிந்தது.

வண்டியை நகர்த்தினாள். முழங்கால் மேஜைக்கு அடியில் போனது. மூக்குக்கு நேர் கீழே டாப் இருக்கிற மாதிரி குச்சியைத் துளித்துளியாகத் தள்ளினாள். பாதத்தை மிதியின் மேல் வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். அழுத்தினாள்.

இருக்கை முனகிக்கொண்டு சாய்ந்தது. தலை சட்டென்று போய் விழுந்தது. கண்ணாடி நெற்றிப்பொட்டில் இடித்தது, மூக்கு சாவிகளில் நசுங்கியது, அதோடு மூச்சு நின்றது. உள்ளே ஒரு கதவை யாரோ அடித்துச் சாத்தின மாதிரி நின்றது. பாதம்! பின் மிதி எங்கே? பாதம் துழாவியது. வண்டியின் இரும்புதான் தட்டுப்பட்டது. காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. இன்சா, இன்சா என்று மனது கத்தியது, அம்மாவைக்கூடக் கூப்பிடவில்லை. கட்டைவிரல் ஏதோ ஒரு விளிம்பில் பட்டது. தன் பலத்தையெல்லாம் அதில் வைத்தாள். இருக்கை எழுந்தது. தலை பின்னால் போய்த் தலையணையில் மோதியது. காற்று கிரீச்சென்று உள்ளே போனது.

திரையைப் பார்த்தாள். பெட்டி இருந்தது. அப்பாடா, எஸ்கேப் படவில்லை. நீலக்கோடு எங்கே? வேண்டாமிலேயே நின்றது. மூக்கு அழுந்திக் கிடந்த நேரமெல்லாம் டாப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, கோடு சுற்றிச்சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றிருக்கிறது. எத்தனை சுற்று என்று யார் கண்டது. "நாசமாப் போக" என்று மனதுக்குள் திட்டினாள். யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

அப்போது வாசல் மணி அடித்தது.

மரியாதையான, ஒரே ஒரு மணி. லூடெமான்தான். இன்சாவாக இருந்தால் விரலை எடுக்கவே மாட்டாள்.

இனி ஒரு தடவை அந்த இருட்டுக்குள் போக வேண்டும். இதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முதல் தடவை தெரியாமல் போனாள், இப்போது தெரிந்து போக வேண்டும். பேசாமல் இருந்துவிடலாம். விடுதியிலும் மனுஷர்கள்தானே இருக்கிறார்கள். வேளைக்குச் சோறு, வேளைக்குக் குளியல், யாராவது வந்து யாருக்காகவாவது எதையாவது அழுத்திவிட்டுப் போவார்கள். மணி இரண்டாம் தரம் அடித்தது. "போடி" என்று தன்னையே அதட்டிக்கொண்டு மிதியை அழுத்தினாள்.

இந்தத் தடவை பாதம் பின் மிதியை விட்டு நகராத மாதிரி குதிகாலை அதன் மேலேயே வைத்திருந்தாள். விழுந்தாள், உடனே எழுந்தாள். நீலக்கோடு நினைவில் வை என்ற கட்டத்தில் நின்றது. அதில் டிக் போட நேரமும் இல்லை, நெஞ்சில் தெம்பும் இல்லை. இன்னொரு தரம் விழுந்தாள். மூக்கிலிருந்து ஏதோ சூடாக ஒழுகியது. எழுந்து பார்த்தாள். நீலக்கோடு சரியில் நின்றது.

வண்டியை வலப்பக்கம் நகர்த்தினாள். என்டர் மூக்குக்கு நேர் கீழே வரும்வரை குச்சியைத் தள்ளினாள். வெளியே "டிர்க்ஸ் மேடம்? இருக்கீங்களா?" என்று ஓர் ஆண்குரல் கேட்டது. கடைசியாக ஒரு முறை விழுந்தாள். என்டர் பெரிய சாவி, நல்லவேளை.

எழுந்தபோது பெட்டி இல்லை. தலையைத் திருப்பினாள், அம்பு கூடவே வந்தது. அந்த அம்பைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. கதவைத் திறந்தாள்.

லூடெமான் ஹானோவர்க்காரர், உயரம், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. "வணக்கம், தொந்தரவு பண்ணிட்டேனோ..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நெற்றியில் சதுரம் சதுரமாகச் சாவிகளின் தடம், மூக்கிலிருந்து உதடு வரை ரத்தம். "ஐயோ, என்ன மேடம் இது? யாராவது அடிச்சாங்களா?"

அவள் பதில் எழுதி முடிப்பதற்குள் இன்சா வந்து சேர்ந்துவிட்டாள். செருப்பு ஒரு பக்கம், குடை ஒரு பக்கம். "அடியே ஃபென்னா! மூணு தடவை அடிச்சேன்டி! செத்துட்டன்னு நினைச்சேன்!" என்று கத்திக்கொண்டே வந்து, கைக்குட்டையை எடுத்துத் தங்கையின் மூக்கை அழுத்தித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அதிகாரியிடம், "இதைத்தான் சார் நான் சொல்றேன், இவளைத் தனியா விட முடியாது, அந்தப் பெட்டி நின்னு போயிருக்கும், அது நின்னா இவளால ஒண்ணும்..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, கையை எடு. நான் சொல்றேன்" என்றது கம்ப்யூட்டர், ஃபென்னாவின் பழைய குரலில்.

இன்சா கையை எடுத்தாள்.

மறைத்திருக்கலாம். கண்ணாடி நழுவியது, குனிந்தேன், இடித்துக்கொண்டேன் என்று ஒரு பொய். அந்தப் பொய்யை அவள் பாதி எழுதியும் விட்டாள். போனில் பொய் சொல்கிறவர்களை இருபது வருஷம் திட்டினது ஞாபகம் வந்து அதை அழித்தாள்.

"என்ன பண்ணினேன்: ரீஸ்டார்ட் பண்ணினேன். என்ன நினைச்சேன்: அனுமதி ஞாபகத்துல இருக்கும்னு. என்ன நடந்துச்சு: கேட்டுச்சு, பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை. அதனால மூக்கால கீபோர்டை அழுத்தினேன். மூச்சு நின்னுது. செத்துப்போவேன்னு பயந்தேன்."

லூடெமான் நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாத் தெரியாது மேடம். என்ன அனுமதி, யார் கேட்டது?"

கோளாறை வாயால் விளக்கக் கூடாது, கண்ணெதிரே வரவழைத்துக் காட்ட வேண்டும். அது அவள் தொழில் தர்மம். "காட்டறேன்" என்று எழுதினாள். அம்பை ரீஸ்டார்ட் பக்கம் கொண்டுபோனாள்.

"வேண்டாம்டி!" என்று இன்சா அலறினாள். "இப்பத்தானே வாய் வந்துச்சு! பைத்தியமாடி நீ?"

"இவர் பாக்கணும். யாரும் எதையும் தொடாதீங்க." அழுத்தினாள்.

திரை இருண்டது. குரல் போயிற்று. அந்த இருட்டில் ஃபென்னா மறுபடி பயந்தாள், இத்தனைக்கும் பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். வெளிச்சம் வந்தது. பெட்டி வந்து நடுவில் உட்கார்ந்தது. விடலாமா? வேண்டாம், சரி. ஃபென்னா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள். அம்பு மரக்கட்டை மாதிரி நின்றது. லூடெமான் பெட்டியைப் படித்தார், அவள் நெற்றியில் இருந்த தடத்தைப் பார்த்தார், கீபோர்டில் ரத்தக்கறையைப் பார்த்தார். "இதையா... இந்தக் கழுத்தை வச்சுக்கிட்டா?" என்றார் மெதுவாக.

இன்சாவும் அப்போதுதான் கீபோர்டைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அவள் கை தானாக எழுந்து மவுஸுக்குப் போயிற்று. அம்பது வருஷத்துப் பழக்கம், தங்கையின் ஷூவுக்கு நாடா கட்டின நாளிலிருந்து அந்தக் கை கேட்டதில்லை. மவுஸைப் பிடித்தவள், என்ன தோன்றிற்றோ, நிறுத்தினாள். திரையிலிருந்து பார்வையை எடுத்துத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"அழுத்தட்டுமாடி?" என்று கேட்டாள்.

ஃபென்னா கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். சரி என்பதற்கு அவர்களுக்குள் அதுதான் அடையாளம்.

நினைவில் வை என்பதில் டிக் போட்டுவிட்டுச் சரியை அழுத்தினாள் இன்சா. மூக்கன் உயிர்த்தான். ஃபென்னா விடவில்லை, இன்னொரு தரமும் ரீஸ்டார்ட் செய்து பார்த்தாள். இந்தத் தடவை பெட்டி வரவில்லை. பிறகுதான் இன்சா தேநீர் போடப் போனாள்.

"இனிமேல் இப்படி நடந்தா?" என்று கேட்டார் லூடெமான்.

"கால். காலுக்கு அடியில இன்னும் ரெண்டு மிதி, டாப்புக்கு ஒண்ணு, என்டருக்கு ஒண்ணு. கீபோர்டு மாதிரியே கம்பியில செருகறது, யார் அனுமதியும் வேண்டாம். கால்தான் என்னை இன்னிக்கு நாலு தடவை தூக்கி விட்டுச்சு. மூக்கு மூக்குன்னு பெருமை அடிச்சுட்டு அதை மறந்துட்டேன். என் தப்பு."

லூடெமான் எழுதிக்கொண்டார். தேநீரைக் குடித்து முடித்தார், இன்சா ஊற்றினாள், மறுபடி குடித்தார், மறுபடி ஊற்றினாள். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும் என்கிற இந்த ஊர் வழக்கம் ஹானோவர்க்காரருக்குத் தெரியவில்லை. கடைசியில் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு இன்சாவிடம் திரும்பினார். "நீங்கதானே மனு கொடுத்தது. இப்ப என்ன சொல்றீங்க? இவங்களை இங்க விடலாமா?"

ஃபென்னாவின் அம்பு திரையில் அப்படியே நின்றது. இன்சா மூக்கை உறிஞ்சினாள், கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

"என்னைக் கேக்காதீங்க சார். அவளைக் கேளுங்க" என்றாள்.

அவர் கேட்டார். "இங்கயே இருக்கேன்" என்றது குரல்.

"அந்த மிதிகளைப் பொருத்தினதும் சொல்லி அனுப்புங்க, நானே வந்து பாக்கறேன். பொருத்தற வரைக்கும் காலையில பக்கத்துல ஆள் இருக்கணும்னு எழுதறேன். விடுதின்னு எழுதலை" என்று சொல்லிவிட்டு லூடெமான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். போகும்போது அந்தக் கீபோர்டை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார்.

கதவு சாத்தியது. இன்சா குடையைப் பொறுக்கினாள், செருப்பைத் தேடினாள். ஜெயித்தவள் வீட்டில் தோற்றவள் எவ்வளவு நேரம் நிற்பாள்? "சரிடி, நான் கிளம்பறேன். பெர்ஃபின் வந்துருவா. நீதான் தனியா இருப்பியே" என்றாள், கொஞ்சம் வீம்பாக.

ஃபென்னா எழுதினாள். நேரம் பிடித்தது. மூக்கு வலித்தது, அம்பு எழுத்தைத் தாண்டித் தாண்டிப் போனது.

"இன்னிக்குப் போகாத அக்கா. பயமா இருக்கு."

கோட்டு அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்த நாளில் அந்தக் குரலில் பயம் பதியவில்லை. ரொட்டி இரண்டு வேண்டும் என்று சொல்கிற அதே குஷியோடுதான் இதையும் சொன்னது. இன்சா குடையைக் கீழே வைத்தாள்.